மலைக்காகக் காத்திருந்த மூதாட்டி

புளியஞ்சோலையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குக் கொல்லிமலை வானத்தை மறைத்து நிற்கும் பெருஞ்சுவராகவே தோன்றும். மேலே ஆகாயகங்கை அருவியாக வீழும் ஐயாறு, பாறைகளினூடே இறங்கி வந்து கீழே நம் மண்ணை நனைத்துச் செல்கின்றது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று இலக்கியம் கற்றோர் இதனைப் போற்றுவர். அறப்பளீசுவரரை வழிபடுவோர் இதனைப் புனித மலை என்பர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகின்றது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வசதி இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, டோலியில் சுமக்கப்பட்டோதான் மேலே செல்ல இயலும். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் துணிவதில்லை.

அத்தகைய மலையில் வாழ வேண்டும் என்பதையே தம் வாழ்நாள் வேண்டுதலாகக் கொண்டு, அதற்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து, முதுமையில் அதனை அடைந்து, 95ஆம் வயது வரை மலைமக்களுக்காக உழைத்து மறைந்தவர் ஈவ்லின் பிராண்ட் அம்மையார். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விரும்புகின்றோம். நம் உறுப்பினருள் கிறிஸ்தவரும் உளர். பிற நெறியினரும் உளர். எந்நெறியினராயினும், காத்திருத்தல் என்னும் பாடத்தைக் கல்லாமல் எந்நற்செயலையும் முடித்தவர் எவரும் இலர்.

இளமையும் அழைப்பும்

அம்மையார் 1879ஆம் ஆண்டில் பிறந்தவர். இயற்பெயர் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ். இலண்டன் மாநகரில் செயிண்ட் ஜான்ஸ் வுட் என்னும் பகுதியில், செல்வச் செழிப்புள்ள வணிகர் குடும்பத்தில் வளர்ந்தார். ஓவியக் கலையை முறையாகப் பயின்றவர். நல்ல உடையும் நல்ல இல்லமும் நல்ல நண்பர் குழாமும் அவருக்கு வாய்த்திருந்தன. அவற்றையெல்லாம் விடுத்து, முப்பது வயதைக் கடந்த பின்னர், ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வாயிலாகத் தமிழகம் வந்தார். முதலில் சென்னையில் தங்கித் தமிழ் கற்றுப் பணியாற்றினார்.

அவருக்கு முன்பே இந்நாட்டிற்கு வந்திருந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டடத் தொழில் அறிந்தவர். ஓராண்டுக் காலம் வெப்ப மண்டல மருத்துவமும் பயின்றவர். மருத்துவரும் பள்ளியும் இன்றிக் கிடந்த கொல்லிமலைக்குச் சென்று குடியேற வேண்டும் என்பதே அவருடைய உள்ளக் கிடக்கை. இருவரும் 1913ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டு, மலையேறினர். வாழவந்தி என்னும் ஊரில் மரத்தால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டனர். 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மகன் பால் பிறந்தான். பின்னர்க் கான்னி என்னும் மகள் பிறந்தாள்.

பலன் காணாத ஆண்டுகள்

மலைமேல் ஏறிய அத்தம்பதியர் உடனே பெருங்கூட்டம் தம்மை நாடி வரும் என்று எண்ணியிருப்பின், அவர்தம் உள்ளம் ஓராண்டிலேயே உடைந்திருக்கும். நோய் கண்டோர் மருந்துக்கு வந்தனர். பல் வலியென்றும் புண்ணென்றும் வந்தனர். ஆனால் அவர்கள் எடுத்துரைத்த இறைச் செய்தியை ஏற்பார் ஒருவரும் இலர். ஊர்ப் பூசாரி அதனை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவரை மீறி எவரும் அடியெடுத்து வைக்க அஞ்சினர். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறேழு ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது.

அவ்வாண்டுகளில் அவர்கள் செய்தது யாது? காத்திருந்தனர். ஆயின் கைகட்டிக் காத்திருக்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். தச்சு வேலையும் பிற கைத்தொழில்களும் கற்பித்தனர். யாரும் தம் சமயத்தில் சேரவில்லை என்பதற்காக ஒரு நோயாளிக்கேனும் மருந்தைக் குறைத்தாரில்லை. மனிதர் மனத்தைத் திறப்பது தம் கையில் இல்லை, புண்ணுக்கு மருந்திடுவது தம் கையில் உள்ளது என்பதைத் தெளிவாகப் பிரித்தறிந்திருந்தனர். இவ்வறிவே காத்திருத்தலின் முதற்படி என்று நாம் கொள்கின்றோம்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் நச்சுக் காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை அது கொன்றது. கொல்லிமலையும் தப்பவில்லை. குடும்பம் குடும்பமாக மக்கள் படுத்துவிட்டனர். தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. அஞ்சியோர் ஊரை விட்டகன்றனர். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஊட்டினர். அந்நாளில், அதுகாறும் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் காய்ச்சலில் வீழ்ந்தார். மரணப் படுக்கையில் தமக்கு உதவ வந்தவர் யார், வராதவர் யார் என்பதைக் கண்டார். தம் கைக்குழந்தையை அத்தம்பதியர் கையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். அக்குழந்தை ரூத் என்னும் பெயருடன் அவர்கள் இல்லத்திலேயே வளர்ந்தது. அதன்பின்னரே மலைமக்களின் நெஞ்சக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு சிறு திருச்சபையும் உருவாயிற்று. வாதத்தால் ஆகாதது கஞ்சிக் கலயத்தால் ஆயிற்று.

1929

1923ஆம் ஆண்டில் பிள்ளைகள் இருவரையும் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினர் இல்லத்தில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அக்காலத்தில் கடிதம் கப்பலில் சென்று சேர வாரங்கள் ஆகும். பிள்ளைகள் வளர்வதைக் கடிதங்களின் வழியே மட்டும் காணும் நிலை ஒரு தாய்க்கு எத்துணைக் கொடிது என்பதைப் பெற்றோராகிய நம் உறுப்பினர் அறிவர். விடுதிப் பள்ளிக்கு மகளை அனுப்பிவிட்டு வாசலையே நோக்கியிருக்கும் நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலைமேலேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. இங்கிலாந்தில் இருந்த மகனுக்குத் தந்தி முதலில் சென்று சேர்ந்தது. மறைவதற்குமுன் தந்தை எழுதிய கடிதம் கப்பலில் மெல்லச் சென்று, மறைவுச் செய்திக்குப் பின்னர் அவன் கையை அடைந்தது. ஐம்பது வயதில் கைம்பெண்ணாகிய அம்மையார், கணவரை வாழவந்தியில் அடக்கம் செய்துவிட்டு, அவர் நடத்தி வந்த பணிகளைத் தாமே ஏற்று நடத்த முயன்றார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் உறுதி பூண்டிருந்தனர். கொல்லிமலையோடு நில்லாது, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை என அண்டையில் உள்ள மலைத்தொடர்களுக்கும் சென்று பணியாற்ற வேண்டும் என்பதே அவ்வுறுதி. ஒருவர் மறைந்துவிட்டார். மற்றவர் எஞ்சி நின்றார். உறுதி மட்டும் அப்படியே இருந்தது.

பதினெட்டு ஆண்டுகள்

அம்மையார் இங்கிலாந்து சென்று சில காலம் தங்கிவிட்டு மீண்டும் தமிழகம் திரும்பினார். ஆனால், அவரை மலையில் நிலையாக இருத்த மிஷன் நிர்வாகத்தார் இசையவில்லை. வயது முதிர்ந்த பெண்மணி, மருத்துவ உதவி எட்டாத மலையில் தனியே வாழ்வது ஆகாது என்று அவர்கள் கருதினர். சமவெளிப் பணியே அவருக்கு அளிக்கப்பட்டது. மலைக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்டார், மறுக்கப்பட்டது. மீண்டும் கேட்டார், மீண்டும் மறுக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும். மறுக்கப்பட்ட மனிதர் இரண்டு வழிகளில் ஒன்றில் செல்வதே இயல்பு. ஒன்று, கசப்புற்றுக் கையிலுள்ள பணியையும் பாழாக்குதல். மற்றொன்று, எல்லாம் விதி என்று சொல்லி ஆசையையே மறந்துவிடுதல். அம்மையார் இவ்விரண்டையும் செய்திலர். சமவெளியில் அளிக்கப்பட்ட பணியைக் குறைவின்றிச் செய்தார். மலையையும் மறந்தாரில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையேறிக் கூடாரமடித்துத் தங்கி, பழைய மக்களைக் கண்டு வந்தார். கேட்பதையும் நிறுத்தவில்லை.

ஆண்டுகள் உருண்டன. இரண்டாம் உலகப் போர் வந்து சென்றது. 1946ஆம் ஆண்டில் மகன் பால் மருத்துவராகி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அம்மையாருக்கோ ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இனி இங்கிலாந்து சென்று ஓய்ந்திருக்க வேண்டும் என்பதே எல்லாருடைய எண்ணமும். இன்னும் ஓராண்டு மட்டும் பணியாற்ற இசைவு கேட்டுப் பெற்றார் அம்மையார். அவ்வோராண்டில், குடும்ப வழியில் தமக்குக் கிடைத்த சிறு தொகையைக் கொண்டு, மலைமேல் ஒரு குடில் கட்டுதற்கு வேண்டிய பொருள்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மேலே அனுப்பி வைத்தார். ஓய்வு விழாவும் வந்தது. நண்பர்கள் கூடிப் பரிசளித்து வழியனுப்ப நின்றனர். அப்போதுதான், தாம் மிஷன் பணியிலிருந்துதான் ஓய்வு பெறுவதாகவும், இனி எவருடைய ஊதியமுமின்றி மலைக்கே செல்வதாகவும் அம்மையார் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. கணவர் மறைந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

பிறர் ஓய்வு கொள்ளும் வயதில் அவர்தம் உண்மையான பணி தொடங்கிற்று.

ஓய்வுக்குப் பின் ஒரு வாழ்வு

மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தனர். மட்டக் குதிரை ஒன்றில் ஏறி ஊர் ஊராகச் சென்றார். மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்தார்; பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்; கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்க வழி செய்தார். கொல்லிமலையோடு நில்லாது, கணவரோடு உறுதி பூண்டவாறே பிற மலைத்தொடர்களுக்கும் சென்றார்.

நரம்புச் சிலந்தி என்னும் நோயைப் பற்றி இன்றைய இளைஞர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரில் வாழும் கண்ணுக்குப் புலப்படாச் சிறு உயிரியின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். அந்நீரைக் குடிப்போர் உடலில் அது நீண்ட புழுவாக வளர்ந்து, ஓராண்டளவில் காலில் கொப்புளமாகி வெளிவரும். கொப்புளம் கொண்டவர் படிக்கிணற்றில் இறங்கிக் கால் நனைத்தால், புழு தன் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். ஊரே மீண்டும் நோய்ப்படும். இதற்கு மருந்தினும் சிறந்தது தடுப்பு. நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தலும், கிணற்றில் கால் வைக்காதவாறு சுவரெழுப்புதலுமே போதும். இதனை ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லிக் கல்வராயன் மலையில் இந்நோய் ஒழியப் பாட்டி பெரும்பங்காற்றினார். 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் இந்நோய் அற்ற நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அவ்வெற்றியில் பெயர் குறிக்கப்படாத எத்தனையோ பேருடைய பொறுமை அடங்கியுள்ளது.

ஏறத்தாழ 75 வயதில் தனியே இருந்தபோது வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவெல்லாம் வலியுடன் கிடந்தார். காலையில் கண்டவர்கள் கட்டிலில் வைத்துச் சுமந்து மலையிறக்கி மருத்துவமனை சேர்த்தனர். இனியேனும் மலையை விட்டு வரவேண்டும் என்று புகழ்பெற்ற மருத்துவராகிய மகனே எடுத்துரைத்தும் அவர் இசைந்தாரில்லை. குணமானதும் இரு கைகளிலும் மூங்கிற்கோல் ஊன்றிக்கொண்டு மீண்டும் மலையேறினார். ஓவியம் பயின்று அழகை நேசித்த அப்பெண்மணி, தம் கடைசி இருபது ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தம் முகத்தைக் காணும் நேரத்தில் பிறர் முகத்தைக் காணலாம் என்று எண்ணினார் போலும்!

1974ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தம் 95ஆம் வயதில், அம்மையார் மறைந்தார். அவருடல் வாழவந்திக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. 45 ஆண்டுகளுக்குமுன் பிரிந்தவர்கள் அம்மண்ணில் மீண்டும் அருகருகே ஆயினர்.

மகன் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை வேலூரில் வளர்த்து உலகறியச் செய்தார். ஊராரால் தீண்டப்படாமல் ஒதுக்கப்பட்டோரின் கையைப் பிடித்து நிமிர்த்திய கை, கொல்லிமலையில் பிறந்த கை என்பது நமக்கெல்லாம் பெருமை. அவர் 2003ஆம் ஆண்டில் மறைந்தார்.

எந்தப் பொறுமை, எந்தக் காத்திருப்பு?

காத்திருங்கள், பொறுத்திருங்கள் என்று சொன்னவுடன் நம் சமுதாயத்தார்க்கு ஓர் ஐயம் எழும். எழ வேண்டியதே. தலைமுறை தலைமுறையாக நமக்குப் பொறுமை போதிக்கப்பட்டது. குளத்து நீருக்குப் பொறுத்திரு, பள்ளிக்கூடத் திண்ணைக்குப் பொறுத்திரு, கூலி உயர்வுக்குப் பொறுத்திரு என்று போதித்தவர்கள், நாம் பொறுத்திருந்ததால் பயன் பெற்றவர்களே. அத்தகைய பொறுமையைக் கடவுள் பெயரால் சொல்லினும் நாம் ஏற்பதற்கில்லை.

அம்மையார் வரலாறு இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றது. அவர் இறைவனுக்குக் காத்திருந்தார். மனிதர் போட்ட தடைக்குத் தம் உள்ளத்தைப் பணியவைக்கவில்லை. கேட்டார், மறுக்கப்பட்டபோது மீண்டும் கேட்டார், இறுதியில் எவருடைய இசைவும் வேண்டாத வழியைத் தேடிக்கொண்டார். கசப்பின்றியும் பொய்ம்மையின்றியும் அதனைச் செய்தார். இறைவனிடம் காத்திருப்பவன் மனிதரிடம் அடிமையாய் இருப்பதில்லை.

அண்ணல் அம்பேத்கர் வாழ்விலும் இதனைக் காண்கின்றோம். பொதுக் குளங்கள் அனைவருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923ஆம் ஆண்டில் தீர்மானித்தது. தீர்மானம் இருந்தும் நீர் கிடைக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் அண்ணல் மக்களைத் திரட்டிச் சென்று மகாத் குளத்தில் நீர் அருந்தினார். எதிர்த்தரப்பார் வழக்குத் தொடுத்தனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவ்வழக்கு நம்மவர் பக்கம் முடிந்தது 1937ஆம் ஆண்டில்தான். பத்தாண்டுகள் அண்ணலும் காத்திருந்தார். ஆனால் அப்பத்தாண்டுகளில் அவர் எழுதாத நாளும் வாதாடாத நாளும் இல்லை எனலாம்.

மறைநூல் அறிந்தோர்க்கு ஆபிரகாமின் வரலாறு தெரியும். மகன் பிறப்பான் என்னும் வாக்குறுதியைப் பெற்றபோது அவருக்கு வயது 75. மகன் பிறந்தபோது 100. அவ்விருபத்தைந்து ஆண்டுகளின் நடுவே பொறுமையிழந்து, அடிமைப் பெண்ணாகிய ஆகாரின் வழியாகப் பிள்ளை பெற்றுக்கொண்டார். அவசரத்தின் விலையை அவர் கொடுக்கவில்லை. பாலைவனத்தில் துரத்தப்பட்ட அவ்வேழைப் பெண்ணும் அவள் பிள்ளையுமே கொடுத்தனர். பெரியோரின் பொறுமையின்மை எப்போதும் எளியோர் தலையிலேயே விடியும் என்பதையும் நாம் இதனால் அறிகின்றோம். அந்த ஆகாரின் அழுகையையும் இறைவன் கேட்டார் என்பது நம்மனோர்க்கு ஆறுதல்.

இளைஞர்களுக்கு

நம் சங்கமும் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துள்ளது. நம் பிள்ளைகள் தேர்வு எழுதுகின்றனர், முடிவுக்குக் காத்திருக்கின்றனர். விண்ணப்பம் போடுகின்றனர், விடைக்குக் காத்திருக்கின்றனர். ஒருமுறை தவறினால் புத்தகத்தை மூட்டை கட்டிவிடும் மாணாக்கரை நம் பணிக்காலம் முழுதும் கண்டு வருகின்றோம். அவர்களுக்கு அறிவு குறைவன்று. ஆறு ஆண்டுகள் ஒருவரும் செவிசாய்க்காதபோதும் புண்ணைக் கழுவிக் கட்டும் அந்த நெஞ்சுரமே குறைவு.

ஆகவே, முடிவு வரும்வரை சும்மா இராதீர்கள். இன்று கையிலிருக்கும் பாடத்தை, இன்று கையிலிருக்கும் வேலையை முழுமையாகச் செய்யுங்கள். உரிமையானதை ஒருமுறை கேட்டு ஓய்ந்துவிடாதீர்கள். மறுபடியும் முறையாகக் கேளுங்கள். குறுக்கு வழியில் பறித்துக்கொள்ளாதீர்கள். அதன் சுமை வேறொருவர் தலையில் விழும். வேண்டுதல் செய்வோர் வேண்டுங்கள். வேண்டிய பின் எழுந்து நடங்கள். வயதாகிவிட்டது என்று நம் மூத்த உறுப்பினரும் ஒதுங்கிவிட வேண்டா. தம் பணியை எழுபதின் வாசலில் தொடங்கிய ஒருவர் நம் தலைக்கு மேலே உள்ள மலையில்தான் அடக்கமாகியுள்ளார்.

அம்மையாரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் செல்லவில்லை. அவர் நடக்காத பாதைகளும், பள்ளி காணாத சிற்றூர்களும் அவர் மறைந்தபோதும் இருந்தன. அவற்றைப் பின்வருவோருக்கு விட்டுச் சென்றார். நம் சங்கத்தில் இவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்துள்ள சிறாருள் எவரேனும் ஒரு நாள் செவிலியராகவோ, ஆசிரியராகவோ, மருத்துவராகவோ அப்பாதைகளில் ஏறிச் செல்வாராயின், இவ்வெள்ளி விழா தன் பயனை அடைந்ததாகும்.